உண்ணி சேகரிப்புப் பெட்டி: பாதி தங்கம், பாதி தண்டம்

காட்டு விலங்குகளின் உண்ணிகளைச் சேகரிக்க என்று விற்கப்படும் பெட்டி இது. உள்ளே இருப்பவை: கூர்நுனி இடுக்கி இரண்டு, 2 மில்லி திருகுமூடிக் குப்பிகள் 50, ஒரு மீட்டர் சதுர வெள்ளைத் துணி, மார்க்கர் பேனா, 10 மடங்கு கைலென்ஸ். தென்னாப்பிரிக்காவின் கிரூகர் பூங்கா போன்ற உயர்புல் காட்டுக்கு இதில் பாதிதான் உதவும்.

உதவுவதில் முதலிடம் இடுக்கிக்கு. நுனிகள் இடைவெளியின்றிச் சேர்வதால் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுக்க முடிகிறது. வயிற்றைப் பிடித்தாலோ திருகினாலோ வாயுறுப்பு முறிந்து தோலுக்குள் நின்றுவிடும்; அதோடு அடையாளமும் போச்சு. இம்பாலா, குடு மான்களில் காணும் நீல உண்ணியான டிகலரேட்டஸுக்கு வாய்முள்ளில் (தோலில் குத்தி நிற்கும் வாயுறுப்பு) பற்கள் 3+3 வரிசை, அதாவது நடுக்கோட்டுக்கு இருபுறமும் மும்மூன்று. ஆசியாவிலிருந்து மாடுகளோடு வந்த மைக்ரோபிளஸ் உண்ணிக்கு 4+4. இந்த வரிசையை எண்ண நுண்ணோக்கி வேண்டும், கைலென்ஸ் எட்டாது.

குப்பி மூடியில் ரப்பர் வளையம் இருப்பதால் ஆல்கஹால் ஆவியாவதில்லை. உருவ ஆய்வுக்கு 70 சதவீத எத்தனால், டிஎன்ஏ எடுப்பதானால் 95. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணிக்குத் தனிக் குப்பி கொடுங்கள். அதன் உடல்நீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும் என்பதால் மறுநாளே மாற்ற வேண்டும். காது உண்ணியையும் வால் அடி உண்ணியையும் ஒரே குப்பியில் போட்டால் எது எங்கே ஒட்டியிருந்தது என்ற தகவல் போய்விடும்.

மார்க்கரைத் தூக்கிப் போடுங்கள். எத்தனால் ஒரு சொட்டு பட்டால் எழுத்து கரைந்தோடும். விலங்கு, உடற்பகுதி, இடம், தேதி நான்கையும் பென்சிலால் துண்டுத்தாளில் எழுதி, குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும்.

பெரிய ஏமாற்றம் துணிதான். புல்மேல் இழுத்து, ஒட்டும் உண்ணிகளைப் பிடிக்கத்தான் அது. குட்டைப் புல்லில் இழுக்கச் சரி. இடுப்புயரப் புல்லிலோ நுனிமேல் மிதந்து போகும், தண்டில் ஏறி விலங்குக்காகக் காத்திருக்கும் லார்வாக்களை (உண்ணிக் குஞ்சுகளை) தொடுவதே இல்லை. ஃபிளானல் துணியை 10 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஒரு கழியில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழ்முனையில் சிறு எடை தைத்தால் பட்டைகள் தண்டுகளுக்கு இடையே நுழையும். பனி காய்ந்த பிறகே இழுக்க வேண்டும். ஈரத்துணியில் லார்வா ஒட்டாது. 'எல்லாப் பருவ உண்ணியும் சிக்கும்' என்ற பெட்டி வாசகத்தையும் நம்ப வேண்டாம். ஹையலோமா என்ற உண்ணி வகை வளர்ந்தபின் தரையில் ஓடி விலங்கைத் துரத்தும் ரகம், புல்லில் காத்திருப்பதில்லை. அதற்கு டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்து ஈர்க்கும் பொறிதான் கைகொடுக்கும்.

கையேடு சொல்லாமல் விட்டது ஒன்று: தென்னாப்பிரிக்காவில் இத்தகைய ஆய்வுக்கு 1984ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் அனுமதி பெற வேண்டும். ஆப்பிரிக்கக் காட்டெருமையிலிருந்து எடுத்த பழுப்புக் காது உண்ணி மாடுகளைக் கொல்லும் தைலீரியா ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கலாம். எடுத்த இடத்திலேயே எத்தனாலில் போட்டு மூடியை இறுக்கிவிடுங்கள்.

இடுக்கியும் குப்பியும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்கி, மிச்சப் பணத்தில் ஃபிளானல் எடுத்துக்கொள்ளலாம்.