ஈ.என்.ஏ. மென்பொருள்: முதுநிலை ஊட்டச்சத்து வகுப்புக்கு எவ்வளவு உதவும்?

பொது சுகாதார ஊட்டச்சத்தில் முதுநிலை முடித்து வருகிற பலருக்கு இசட் ஸ்கோர் (குழந்தையின் அளவு தரநிலைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண்) சூத்திரம் மனப்பாடம். ஒரே குழந்தையின் உயரத்தை இருமுறை அளந்தால் எத்தனை மில்லிமீட்டர் வேறுபாடு வரை பொறுக்கலாம் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். இந்தக் குறையைத் தீர்க்க, நெருக்கடிப் பகுதிகளில் குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையை அளக்கும் ஸ்மார்ட் (SMART) கணக்கெடுப்பு முறைக்காக எழுதப்பட்ட ஈ.என்.ஏ. (ENA) மென்பொருள் நல்ல கருவி. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாணவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் பொத்தான் அழுத்தும் பழக்கம் மட்டுமே மிஞ்சும்.

இதன் சிறந்த பகுதி பயிற்சிப் பக்கம். பத்துக் குழந்தைகளை ஒவ்வொரு மாணவரும் இருமுறை அளக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் முதல் சுற்றின் தாள் கையில் இருக்கக் கூடாது. எண்களை உள்ளிட்டால், ஒவ்வொருவரும் தம் அளவோடு எவ்வளவு ஒத்துப்போகிறார், மேற்பார்வையாளரின் அளவோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று தனித்தனியாகக் காட்டும். அளவீட்டுப் பிழையை முதல் தடவை மென்பொருளைத் திறக்காமல் கையால் போடச் சொல்லுங்கள்: வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, குழந்தைகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பத்துப் பேரிடமும் 0.3 செ.மீ. வேறுபாடு என்றால் பிழை 0.21 செ.மீ. அதில் ஒரே ஒரு குழந்தையிடம் மட்டும் 2 செ.மீ. தவறினால் 0.49 ஆகிவிடும். உயரத்துக்கு 0.4க்குள் இருந்தால்தான் நல்ல அளவீடு. முழங்காலை அழுத்திப் பிடிக்காத ஒரு நொடி என்ன செய்யும் என்பது இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும்.

எத்தனை குழந்தைகளை அளக்க வேண்டும் என்று கணக்கிடும் மாதிரி அளவுப் பக்கத்தில் வழக்கமாக ஒரு குழப்பம் வரும். மெலிவின் (உயரத்துக்குக் குறைவான எடை) பரவல் 10%, துல்லியம் ±3%, டிசைன் எஃபெக்ட் (கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் மாதிரியைப் பெருக்க வேண்டிய மடங்கு) 1.5 என்று வைத்துக் கையால் போட்டால் 576 குழந்தைகள். மென்பொருள் 627 என்கிறது. கணக்கு தவறவில்லை. நாம் 1.96 வைக்கிறோம், அது கொத்து முறைக் (ஊர், தெரு போன்ற குழுக்களைத் தேர்ந்து அங்கே அளக்கும்) கணக்கெடுப்புக்கு 2.045 வைக்கிறது, 95% நம்பிக்கைக்கு 30 கொத்துகளுக்கான டி-பரவல் மதிப்பு அது. இதை விளக்காமல் தாண்டினால் மாணவர் ஏதாவது ஓர் எண்ணைக் கண்ணை மூடி நம்பப் பழகிவிடுவார்.

தரவுத் தரச் சோதனை அறிக்கைதான் இந்த மென்பொருளின் உயிர். தரவில் தெரியும் ஒவ்வொரு குறைக்கும் போடும் அபராதப் புள்ளிகளின் கூட்டுத்தொகை 0 முதல் 9 வரை என்றால் மிக நன்று, 25ஐத் தொட்டால் சிக்கல். மொத்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு மூடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்: பெரும்பாலான உயரங்கள் .0, .5 என்று முடிந்தால் அளந்தவர் கண்மட்டத்தில் படிக்கவில்லை. வயது 12, 24, 36 மாதங்களில் குவிந்தால் நிகழ்வு நாட்காட்டி (திருவிழா, அறுவடை போன்ற உள்ளூர் நிகழ்வுகளை வைத்துப் பிறந்த மாதத்தைக் கண்டறியும் பட்டியல்) இல்லாமல் "எத்தனை வயது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். திட்ட விலக்கத்தையும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) விடாதீர்கள். உயரத்துக்கேற்ற எடையின் இசட் ஸ்கோர் சராசரி −0.8, விலக்கம் 1.0 என்றால் மெலிவு (−2க்குக் கீழே உள்ளவர்கள்) சுமார் 11.5%. சராசரி மாறாமல், கவனக்குறைவான அளவீட்டால் விலக்கம் 1.2 ஆனால் அதுவே 15.9%. நெருக்கடி என்று அறிவிக்கும் 15% எல்லையை, ஒரு குழந்தைகூடக் கூடுதலாக மெலியாமலே தாண்டிவிட்டோம்.

தேதிகளில் மிகுந்த கவனம் வேண்டும். எக்செல்லிலிருந்து ஒட்டும்போது நாளும் மாதமும் இடம் மாறினால் வயது பல மாதம் நகரும். உயரத்துக்கேற்ற எடை வயதைச் சாராததால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். வயதுக்கேற்ற உயரத்தில்தான் குட்டு வெளிப்படும். ஒட்டுவதற்கு முன் எல்லாக் கணினிகளிலும் தேதி அமைப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சந்தேகத்துக்குரிய அளவுகளைக் குறிக்கும் ஸ்மார்ட் கொடிகள் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை கணக்கெடுப்பின் இசட் ஸ்கோர் சராசரியிலிருந்து ±3க்கு அப்பால் உள்ளவற்றை ஒதுக்குகின்றன. சராசரி −1.0 ஆக இருந்தால் −4.3 உள்ள குழந்தை பகுப்பாய்விலிருந்து போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் −5, +5 வரம்பில் அதே குழந்தை தங்கும். ஒதுக்கப்பட்டது எண்தான். அந்தக் குழந்தை உண்மையிலேயே கடும் மெலிவில் இருக்கலாம். அன்றே மீண்டும் அளந்து சிகிச்சைக்கு அனுப்பியாக வேண்டும். இதைச் சொல்லித்தராத வகுப்பு அரைகுறை வகுப்பு.

குறைகளும் உண்டு. விண்டோஸில் மட்டுமே ஓடும். தோற்றம் பழையது. 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் மெலிவையும் இறப்பு விகிதத்தையும் சுற்றியே கட்டப்பட்டிருப்பதால், தரப் புள்ளிகளை வளர்ச்சிக் குறைவுக்கு (வயதுக்குக் குறைவான உயரம்) அப்படியே பொருத்தக் கூடாது. மாதிரி எடைகள் (ஒவ்வொரு குழந்தையும் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறது என்ற எண்) கொண்ட பெரிய தேசியத் தரவு என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆந்த்ரோ சர்வே அனலைசருக்கு மாறுங்கள், உலாவியிலேயே இயங்கும். இரண்டையும் கற்பிக்க நேரம் இருந்தால், அளவீட்டுப் பயிற்சி நடக்கும் வாரங்களில் ஈ.என்.ஏ.யும் அறிக்கை எழுதும் வாரங்களில் அனலைசரும் வைத்துக்கொள்ளலாம்.