முதல் தூண்டில் நாள்: துடுப்பா, பெடலா, காற்றடித்த கயாக்கா?

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டு உப்பங்கழியின் கோவளம் பக்கக் கரையில் மூன்று புதுக் கயாக்குகளோடு நின்றோம். எதுவும் அதுவரை தண்ணீரைத் தொட்டதில்லை. என்னுடையது பத்தடி நீளத் துடுப்புக் கயாக். நண்பருடையது பன்னிரண்டடி பெடல் கயாக், சைக்கிள்போலக் காலால் மிதித்து ஓட்டுவது. என் மச்சான் தோளில் ஒரு பெரிய பையோடு வந்தார். அதற்குள்ளே மடித்து வைத்திருந்தது காற்றடிக்கும் கயாக்.

எதை வாங்குவது என்று இரண்டு மாதம் வாதாடியும் முடிவுக்கு வராமல், ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து அவரவர் விருப்பப்படி வாங்கிவிட்டோம். நான் துடுப்புக் கட்சி. கீழே எழுதியிருப்பதை அந்தச் சாய்வையும் கணக்கில் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஓட்டைக்குள் கால் நுழைத்து உட்காரும் ரகத்தை ஏன் யாரும் வாங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உண்மையில் ஆதிக் கயாக் அதுதான். ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் கட்டைச் சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்தார்கள், வேட்டைக்குப் போனார்கள். பனிக்கடலில் இடுப்புக்குக் கீழே நனையாமல் இருப்பது உயிர் விஷயம். நம் கடற்கரையில் அது வேக வைக்கிற அடுப்பு. கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும், இறைக்காமல் திரும்ப ஏற முடியாது. மேலே உட்காரும் பிளாஸ்டிக் ரகத்துக்கு அமெரிக்காவில் 1971-இல் வழி போட்டவர் கலிபோர்னியாக்காரர் டிம் நீமியர். மூடிய உடல், உட்காரக் குழிவு, உள்ளே விழும் தண்ணீர் தானாக வடிய அடியில் துளைகள். கொஞ்சம் யோசித்தால் இது நம் கட்டுமரத்தின் தத்துவம்தான். மரங்களைச் சேர்த்துக் கட்டு, இடுக்கு வழியாக அலை ஏறட்டும், அதே வழியில் இறங்கட்டும், மூழ்கும் பேச்சே இல்லை. நாங்கள் கயாக்கை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இதுக்கா இவ்ளோ காசு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கரையிலிருந்து தண்ணீர் வரை

என் கயாக் 22 கிலோ. காரின் கூரையில் தனியாளாக ஏற்றிவிடலாம், பத்தே நிமிடத்தில் தண்ணீரில் இருக்கலாம். பெடல் கயாக்குக்கு நாற்காலி, பெடல் பெட்டி, சுக்கான் எல்லாம் சேர்த்தால் ஐம்பது கிலோவை நெருங்கிவிடுகிறது. இரண்டு பேர் இல்லாமல் அது நகராது. மணலில் இழுத்துப் போகத் தனியாக ஒரு சக்கர வண்டி வேறு வாங்கியிருந்தார். மச்சானுடையது பதினைந்து கிலோ, காரின் டிக்கியில் அடங்கிவிடும். ஆனால் கை பம்பால் காற்றடித்து முடிப்பதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது, தண்ணீரில் இறங்காமலே.

கூரையில் கட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒன்று: பட்டையை இறுக்கு இறுக்கென்று இறுக்காதீர்கள். பாலிஎத்திலீன் வெயிலில் இளகும். இறுக்கிக் கட்டிய இடத்தில் அடிப்பக்கம் குழி விழுந்துவிடும். காற்றுக் கயாக்குக்கு வேறு கவலை. விடியற்காலைக் குளிர்ச்சியில் கல்லுபோல அடித்துவிட்டுப் பத்து மணி வெயிலில் கரையில் போட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும். கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.

காற்று எழுந்தபோது

காலையில் கரைக்காற்று மெல்லியது. அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் ஓடின, யார் பணம் வீணாயிற்று என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பத்தரை மணிக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

தூண்டில் போடுகிறவனுக்குக் காற்றில் சிக்கல் வேகம் அல்ல, நிற்பது. ஒரு பாறையோரம், ஒரு பாலத்தூண், ஒரு மேட்டின் விளிம்பு என்று குறி வைத்து எறிகிறோம். எறிந்து ரீலை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் கயாக் இருபதடி தள்ளிப் போயிருக்கும், முகமும் திரும்பியிருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், எறிவேன், தூண்டில் கழியான ராடைத் தொடை இடுக்கில் வைப்பேன், துடுப்பெடுத்து நான்கு தள்ளு தள்ளுவேன், மறுபடி ராடை எடுப்பேன். இதற்குள் தங்கூசி (தூண்டில் நரம்பு) தொய்ந்து, லூர் என்கிற செயற்கை இரை அடித்தரையில் படுத்திருக்கும். அரை நாளில் பாதி நேரம் இந்தக் கூத்திலேயே போயிற்று.

நண்பர் கையில் ராடோடு, கால் நுனியால் லேசாக மிதித்துக்கொண்டு, காற்றுக்கு எதிரே ஒரே இடத்தில் நின்றார். பேசிக்கொண்டே நின்றார் என்பதுதான் எரிச்சல். எறிதலின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் என்னைப்போல இரண்டு மடங்கு எறிந்திருப்பார். இதற்கு எதிராகத் துடுப்புக் கட்சியிடம் வாதமே கிடையாது. நங்கூரம் போடலாமே என்பீர்கள். போட்டேன். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், முட்டுக்காட்டுச் சேற்றில் நன்றாகவே பிடித்தது. ஆனால் ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் சேறு வழிய அதை மடியில் ஏற்ற வேண்டும். அதோடு கயிற்றைக் கயாக்கின் முனையிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் இழுக்கும்போது கவிழ்த்துவிடும். புதியவர்கள் செய்யும் தப்பு இது.

காற்றுக் கயாக் தண்ணீரின்மேல் இலைபோல உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஒரு சின்னத் துடுப்புவால் மாட்டியிருந்தும் மச்சான் போன திசையைக் காற்றுதான் தீர்மானித்தது. ஒரு கட்டத்தில் அவரே துடுப்பைப் போட்டுவிட்டு, "எங்க போகுதோ அங்க மீன் பிடிச்சுக்கறேன் மச்சான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மீன் மாட்டிய பிறகு

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களில் சிப்பி அடர்ந்து ஒட்டியிருக்கும். அந்த நிழலில்தான் செப்பிலி பதுங்குகிறது, கொடுவாவும் வரும். (நாட்டிலேயே முதன்முறையாகக் கொடுவாவை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது 1997-இல், இதே முட்டுக்காட்டில் பண்ணை வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான்.) செப்பிலி கடித்தவுடன் தூணுக்குத்தான் ஓடும். அதை வெளியே இழுக்க வேண்டுமானால் நாம் பின்வாங்க வேண்டும். ராடும் இரண்டு கை கேட்கிறது, துடுப்பும் இரண்டு கை கேட்கிறது. எனக்கு ஒரு செப்பிலி மாட்டியது. அது என்னைக் கயாக்கோடு தூணை நோக்கி இழுத்தது. 22 கிலோ கயாக்கை இழுக்க அரைக் கிலோ மீன் போதும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிப்பியில் உரசித் தங்கூசி அறுந்தது. லூரும் போயிற்று.

பெடல் கயாக்கிலும் இரண்டு வகை இருக்கிறது. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ், பென்குயின் இறக்கைபோல அடியில் இரண்டு தட்டுகளை அசைத்து ஓட்டுவது. முதலில் வந்தவை முன்னே மட்டும்தான் போயின, பின்னால் போகும் வசதி பல வருடம் கழித்துத்தான் வந்தது. மற்றது விசிறி வகை, அடியில் ப்ரொபெல்லர் சுழல்வது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் உடனே பின்வாங்கும். நண்பருடையது விசிறி. அவருக்கு மாட்டிய செப்பிலியை நான்கு மிதியில் தூணிலிருந்து பிரித்துக்கொண்டு வந்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அதே விசிறி அரை மணி கழித்து ஒரு வலையின் மிதவைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டது. முட்டுக்காட்டில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான், அதிலேயே செவுள் வலைகள் கட்டியிருப்பார்கள். வலைக்காரர் வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், கயிற்றைப் பிரித்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் மனது ஆறியிருக்கும். தட்டு வகையில் ஒரு பெடலை முன்னே தள்ளிப் பிடித்தால் தட்டுகள் அடியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், ஆழமற்ற இடத்தை அப்படியே கடக்கலாம். விசிறியை நிறுத்தி மேலே தூக்க வேண்டும். உப்பங்கழியில் ஓட்டப் போகிறவர் பெடல்தான் வேண்டும் என்றால் இதை யோசித்துவிட்டு வாங்கட்டும். எந்த வகையானாலும் மிதவை கண்டால் சுற்றிப் போங்கள். நமக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய சோறு.

மச்சானுக்கு இறால் துண்டில் ஒரு கெளுத்தி ஏறியது. கெளுத்தியின் முள் கையில் ஏறினாலே கடுகடுக்கும். அதைக் காற்றடித்த மடியில் துள்ளவிடுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் ராடைத் தூக்கிப் பிடித்தபடி கரை வரைக்கும் ஒற்றைக் கையால் துடுப்பு போட்டே வந்தார்.

விழுந்து பார்த்தோம்

என்னைக் கேட்டால் முதல் நாளில் மீனைவிட முக்கியமான ஒப்பீடு இதுதான், இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ராட் எல்லாம் கரையில் வைத்துவிட்டு, மூவரும் வேண்டுமென்றே கவிழ்ந்தோம்.

என் கயாக்கைத் திருப்பிப் போட ஒரு தள்ளு போதுமாக இருந்தது. குறுக்கே வயிற்றை வைத்துக் காலை உதைத்துப் படுத்து, புரண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது முறை அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெடல் கயாக் அகலம் அதிகம், எழுந்து நின்றுகூட எறியலாம், லேசில் கவிழாது. கவிழ்ந்துவிட்டாலோ திரும்ப மறுக்கிறது. விசிறி வானத்தைப் பார்க்க, நாற்காலி கீழே தொங்க, நண்பர் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை எதிர்ப்பக்கக் கைப்பிடியில் கயிறு கட்டி, அடிப்பக்கம் ஏறி நின்று பின்னால் சாய்ந்து புரட்டினார். நெஞ்சளவில் முடிந்தது. ஆழம் தெரியாத இடத்தில் களைத்திருக்கும்போது என்ன ஆகும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்தக் கயிறு இப்போது அவர் கயாக்கில் நிரந்தரமாக இருக்கிறது.

ஆச்சரியம் மச்சானுடையதுதான். கையால் தூக்கித் திருப்பினார், மெத்தையில் ஏறுவதுபோல ஏறினார். மூன்றில் சுலபம் அதுதான்.

அப்படியே கடலுக்குப் போகலாம், வஞ்சிரம் கிடைக்கும் என்று முதல் நாளே ஆசை வரும். வேண்டாம். போகும்போது அலையை முகத்தில் வாங்கலாம், திரும்பும்போது முதுகில் வரும் அலை கயாக்கைப் பக்கவாட்டில் திருப்பி உருட்டிவிடும். அந்த நேரத்தில் பெடல்காரர் விசிறியையும் சுக்கானையும் மறக்காமல் தூக்கியிருக்க வேண்டும், இல்லையேல் மணலில் மோதி உடையும். அலையில் துடுப்பே மேல். உப்பங்கழியிலும் முகத்துவாரம் பக்கம் போகாதீர்கள். வற்று நேரத்தில் தண்ணீர் கடலுக்கு ஓடும், கூடவே நீங்களும் ஓடுவீர்கள். போகும்போது நீரோட்டத்துக்கு எதிரே போய், களைத்துத் திரும்பும்போது அதோடு வருவதுதான் கணக்கு. துடுப்பு 240 செ.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள், தூண்டில் கயாக்குகள் அகலமானவை. அதைக் கயிற்றால் கயாக்கோடு கட்டுங்கள். முதல் நாளுக்கு ஒரு ராட் போதும். நான் இரண்டு கொண்டுபோனேன், இரண்டாவது இப்போது முட்டுக்காட்டின் அடியில் இருக்கிறது.

அன்றைக்கு மீன் கணக்கில் பெடல் ஜெயித்தது: நண்பருக்கு மூன்று செப்பிலி, எனக்கு ஒன்றுமில்லை, மச்சானுக்கு அந்தக் கெளுத்தி. ஆனாலும் முதல் கயாக் வாங்குகிறவர் கேட்டால் துடுப்பையே சொல்வேன். விலை பாதிக்கும் கீழே, உடைய எதுவுமில்லை, தனியாகப் போகலாம், விழுந்தால் தனியாகவே ஏறலாம். வாரம் தவறாமல் போகிற ஆள், கூடத் தூக்க ஒரு ஆள், நிறுத்தத் தனி வீடு என்று மூன்றும் இருப்பவர் பெடல் வாங்கட்டும், வருத்தப்பட மாட்டார். காற்றுக் கயாக்கைக் கடலோரத்துக்குச் சொல்ல மாட்டேன். காற்றில்லாத, சிப்பியில்லாத ஏரிக்குச் சரி.

ஒரு கணக்கு மட்டும் இந்தத் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு ஆறு மாதத்தில் நண்பரின் பெடல் கயாக் நான்கு முறை தண்ணீர் பார்த்தது, தூக்க ஆள் கிடைத்தபோதெல்லாம். என்னுடையது ஒன்பது முறை. மூன்றாவது மாடி அபார்ட்மெண்டில் கட்டிலுக்கடியில் கிடக்கும் மச்சானின் பை பதினான்கு முறை வெளியே போய் வந்திருக்கிறது, அடியில் இரண்டு ஒட்டுகளோடு.