120 பேர் பணம், 7 நாற்காலி: இயக்குநர்களை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது?

மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு இரண்டு மாடிக் கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. கீழே நாலு கடை, மேலே ஒரு டியூஷன் சென்டர், ஒரு தையல் யூனிட். வேறு யாரோ வாங்கி வாடகையை ஏற்றுவதற்கு முன் நாமே சேர்ந்து வாங்கினால் என்ன என்று தெருவில் பேச்சு கிளம்பி, இப்போது 120 பேர் பங்கு போடத் தயாராக இருக்கிறோம். ஆளுக்குக் குறைந்தது 25,000 ரூபாய். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2011இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து இப்படி ஒரு முதலீட்டுக் கூட்டுறவைத் தொடங்கி, தங்கள் பகுதிக் கடைவீதியிலேயே கட்டடங்களை வாங்கி, சைக்கிள் கடைக்கும் பேக்கரிக்கும் இடம் கொடுத்தார்கள். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது?

விலை, கடன், பத்திரம் எல்லாம் பேசியாகிவிட்டது. முட்டிக்கொண்டு நிற்பது ஒன்றில்தான்: 7 இயக்குநர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? துணைவிதி எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். "அதென்ன பெரிய விஷயம், நல்ல ஆளா நாலு பேரைப் போட்டா முடிஞ்சுது" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டுப் போட்டால் 20 மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். கட்டடத்தில் போட்ட பணம் பல வருஷம் அசையாது. நிர்வாகம் பிடிக்கவில்லை என்றாலும் மறுநாள் பணத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஓட்டு ஒன்றுதான் நம் கையில் இருக்கும் பிடி.

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அப்பா ஒரு மனைச் சங்கத்தில் உறுப்பினர். அங்கே 7 இடத்தையும் ஒரே அணி பிடித்தது. வாங்கிய நிலத்துக்குப் பாதை இல்லை என்பது கிரயம் முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. வில்லங்கச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்க குழுவுக்குள் ஒரு ஆள் இல்லை. வெளியே நின்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் "அடுத்த கூட்டத்துல பேசுவோம்" என்பதே பதில். அந்த மனையில் அப்பா வீடு கட்டவே இல்லை.

முதலில், பங்குக்கு ஒரு ஓட்டு என்ற யோசனை. 5 லட்சம் போட்டவர் கேட்கிறார்: "என் பணம் 20 மடங்கு, ஓட்டு மட்டும் ஒண்ணா?" அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அது கம்பெனியின் வழி. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய காலத்திலிருந்து கூட்டுறவு என்றால் ஆளுக்கு ஒரு ஓட்டு. அதிகம் போட்டவருக்கு லாபப் பங்கு அதிகம் போகட்டும். ஒருவர் எவ்வளவு போடலாம் என்பதற்கும் உச்சவரம்பு வைத்துவிட்டால் அவர் பயமும் பாதி குறையும்.

அடுத்தது கைதூக்கல். செலவில்லை, பத்து நிமிஷத்தில் முடியும். போன மாதம் மண்டபத்தில் தற்காலிகப் பொறுப்பாளரை அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். எனக்கு முன்வரிசையில், அரிசிக் கடையில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய முதலாளி பெயரை முன்மொழிந்தபோது முதலாளி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அண்ணனின் கை காதுவரை போய் நின்றது, பிறகு மேலே போனது. வெளியே டீ குடிக்கும்போது சொன்னார்: "அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படித் தம்பி தூக்காம இருக்கிறது?" அன்றோடு இந்த முறையை நான் விட்டுவிட்டேன். 'ஏகமனதாக' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது சுலபம். அந்த வார்த்தைக்கு அடியில் எத்தனை கைகள் பாதியில் நின்றன என்பதை யாரும் எழுதுவதில்லை.

சரி, ரகசிய ஓட்டு. 7 இடம், ஆளுக்கு 7 டிக், அதிகம் வாங்கிய 7 பேர் இயக்குநர். எல்லோருக்கும் பழகிய முறை இதுதான், குழுவில் பெரும்பாலானோர் விரும்புவதும் இதைத்தான். இதன் ஓட்டை கணக்கில் இருக்கிறது. 61 பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே 7 பெயருக்கு டிக் போட்டால் 7 இடமும் அவர்களுக்கே. மிச்சம் 59 பேர், கிட்டத்தட்ட சரிபாதி, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பாவின் சங்கத்தில் நடந்தது இதுதான். கள்ள ஓட்டு எதுவும் அங்கே விழவில்லை. முறையே அப்படி.

தெருவாரியாக இடம் பிரிக்கலாம் என்றார் ஒருவர். வேண்டவே வேண்டாம். எங்கள் தெருக்கள் அமைந்திருக்கும் விதத்துக்கு அது சாதிவாரியாகப் பிரித்தது போலாகிவிடும், அந்தப் பேச்சு பிறகு கட்டடத்தை விட்டுப் போகாது. பெண்களுக்கான இடம் வேறு விஷயம். 2012இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 97ஆவது திருத்தம் கூட்டுறவு நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு 2, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு 1 என்று இடம் ஒதுக்கியது. மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்பதால் மாநிலச் சங்கங்களை அந்தப் பகுதி கட்டுப்படுத்தாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டுப்படுத்தாவிட்டால் என்ன, நாமே எழுதி வைக்கலாம். இங்கே பங்கு போடும் பணத்தில் எவ்வளவு பெண்களின் நகைச் சீட்டிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கடைக்காரர் பிரதிநிதியாக ஒருவர் வரட்டும், ஆனால் வாடகை பேசும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும்.

குடவோலை பற்றியும் பேச்சு வந்தது. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதை விரிவாகச் சொல்கின்றன: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. குலுக்கல் சீட்டு பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமில்லை, காசு கொடுத்து ஓட்டு வாங்கவும் முடியாது. ஆனால் வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் வேலையைக் குடத்தின் அதிர்ஷ்டத்துக்கு விட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்வெட்டில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் பெயர் போடவே முடியாது. இதைத் துணைவிதியில் முதல் தகுதியின்மையாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

என் ஓட்டு ஒற்றை மாற்று வாக்குக்குத்தான். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆளுக்கு ஒரே ஓட்டு, டிக்குக்குப் பதில் பிடித்த வரிசையில் எண் போடுவது. முதல் விருப்பத்துக்கு அந்த ஓட்டு தேவைப்படாவிட்டால் அடுத்த விருப்பத்துக்கு மாறும். நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவது இந்த முறையில்தான். 234 பேர், 6 இடம் என்றால் 34 ஓட்டு கிடைத்தவர் ஜெயித்தார். எங்களுக்கு 120 பேர், 7 இடம்: இடத்தைவிட ஒன்று கூடுதலான 8ஆல் 120ஐ வகுத்து ஒன்று கூட்டினால் 16. ஒத்த கருத்துள்ள 16 பேர் சேர்ந்தால் ஒருவரை உள்ளே அனுப்பலாம். 61க்கு 59 என்று ஊர் பிரிந்து நின்றாலும் 4க்கு 3 என்றுதான் குழு அமையும்.

"வயசானவங்களுக்குப் புரியாது" என்றார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று 40 பேரை உட்காரவைத்து ஒரு ஒத்திகை நடத்தினோம். வேட்பாளர்கள் கறிதோசை, கறிச் சால்னாவோடு பரோட்டா, கோலா உருண்டை, இட்லி, பொங்கல். 3 இடம், தேவை 11 ஓட்டு. டிக் கிடையாது, பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். முதல் விருப்பம்: கறிதோசை 14, இட்லி 11, பரோட்டா 6, பொங்கல் 6, கோலா 3. கறிதோசையும் இட்லியும் உடனே ஜெயித்தன. கறிதோசைக்கு மிஞ்சிய 3 ஓட்டின் மதிப்பு அவரவர் எழுதிய இரண்டாம் விருப்பத்துக்குப் போனது, பெரும்பங்கு பரோட்டாவுக்கு. கடைசியில் நின்ற கோலாவை நீக்கியபோது அந்தச் சீட்டுகளும் பரோட்டாவுக்கே சேர்ந்து 11ஐத் தாண்டியது. அசைவக்காரர் 23, சைவக்காரர் 17. முடிவு 2க்கு 1. டிக் முறையாக இருந்தால் 23 பேரும் மூன்று அசைவத்துக்கும் டிக் போட்டு மூன்றையும் அள்ளியிருப்பார்கள். எண்ணி முடிக்க மூன்று எவர்சில்வர் தட்டும் ஒரு கால்குலேட்டரும் போதுமாக இருந்தன. 70 வயதைத் தாண்டிய ஒரு அம்மா, "நான் போட்டது கோலா, ஆனா என் ஓட்டு வீணாப் போகலையே" என்றார். எனக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லாமல் போனது.

இதற்கும் குறை உண்டு. 16 பேர் ஆதரவில் வந்தவர் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடலாம். நம் பாண்டிய நாட்டு மானூர்க் கல்வெட்டு, சபையில் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டம் என்றது. தண்டம் வேண்டாம். மறுப்பவர் காரணத்தை எழுதித் தரட்டும், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.

வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பேர் மாறும் சுழற்சியைச் சிலர் கேட்கிறார்கள். அனுபவம் அறுந்துபோகாது, உண்மைதான். ஆனால் 7 மூன்றாகப் பிரியாது; 9 பேர் குழுவாக்கி, தடவைக்கு 3 இடம் மட்டும் என்றால் தேவைப்படும் ஓட்டு 16லிருந்து 31 ஆகிவிடும், சின்ன அணிகளுக்குக் கதவு சாத்தப்படும். மொத்தமாகத் தேர்ந்தெடுப்பதே மேல்.

பதிவு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 50 பேருக்கு மேல் லாப நோக்கில் சேர்ந்தால் பதிவு செய்யாமல் இருக்க முடியாது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் பதிந்தால் பதவிக்காலம் 5 ஆண்டு. தேர்தலை அதற்கென உள்ள மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும், நாமே முறை வகுக்க இடம் குறைவு. அப்போதும் மனுத் தாக்கலுக்கு முன் நமக்குள் இந்த எண் போடும் முறையில் 7 பேரை முடிவுசெய்து, அவர்கள் மட்டும் மனுப் போடலாம். அது வாய்ச்சொல் ஒப்பந்தம்தான், ஆனால் தெருவில் எல்லோர் முன்னாலும் எண்ணிய ஓட்டுக்கு ஒரு கனம் உண்டு.

இடையில் ஒருவர் விலகினால்? ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பழைய சீட்டுகளையே எடுத்து, விலகியவருக்கு விழுந்தவற்றில் அடுத்த விருப்பம் யார் என்று எண்ணுகிறார்கள். மறுதேர்தல் செலவில்லை, அந்த 16 பேரின் இடமும் அவர்களிடமே இருக்கும். அதனால் எண்ணி முடித்த சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் உறையில் அரக்கு வைத்து, கட்டடப் பத்திரத்தோடு வங்கி லாக்கரில் பதவிக்காலம் முடியும்வரை வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.