கிருஷ்ணகிரியில் புகை வெளியேற்றும் விசிறிகளுக்கான கட்டுப்பாட்டுப் பேனல் சேவை: ஓராண்டுப் பயன்பாட்டிற்குப் பின்

கிருஷ்ணகிரியில் நான் நிர்வகிக்கும் திருமண மண்டபத்தின் அடித்தளத்தில் 10,000 சதுர அடி வாகன நிறுத்தம் உள்ளது. அங்குள்ள இரண்டு புகை வெளியேற்றும் விசிறிகளுக்கும் புதிய மின் கட்டுப்பாட்டுப் பேனல் செய்து பொருத்தும் பணியை, முகூர்த்தம் இல்லாத சென்ற ஆடி மாதத்தில் உள்ளூர்ப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தோம். அடித்தளம் உள்ள கட்டடங்களை நிர்வகிப்போருக்குப் பயன்படும் என்பதால் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய பேனலைச் செய்தவர் விசிறியைப் போர்வெல் மோட்டாரைப் போலவே கருதியிருந்தார். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் ஓவர்லோடு ரிலே அதை நிறுத்திவிடும். போர்வெல்லுக்கு அதுவே முறை; மோட்டார் பிழைக்க வேண்டும். தீப்பிடித்த அடித்தளத்தில் பிழைக்க வேண்டியவர்கள் மனிதர்கள். மோட்டார் கருகினாலும் கடைசி நிமிடம் வரை அது ஓடியே ஆக வேண்டும். அந்தப் பேனல் தீப்பிடிக்கக்கூடிய அதே அடித்தளத்தின் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. அதற்கான மின்சாரமும் மண்டபத்தின் மெயின் சுவிட்ச் வழியாகவே வந்தது. தீ என்றதும் முதலில் மெயினை அணைக்க ஓடுவது நம் ஊர் வழக்கம். அப்படி அணைத்திருந்தால் விசிறிகளும் நின்றிருக்கும்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 4ஆம் பகுதி, தீயின்போது அடித்தளக் காற்றை மணிக்கு 12 முறை மாற்ற வேண்டும் என்றும், விசிறிகள் 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 மணி நேரம் இயங்க வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கள் அடித்தளத்தின் உயரம் 10 அடி. ஆகவே ஒரு லட்சம் கன அடிக் காற்றை மணிக்கு 12 முறை, அதாவது நிமிடத்திற்கு 20,000 கன அடி வீதம் வெளியேற்ற வேண்டும். பட்டறைக்காரர் இந்தக் கணக்கை எங்கள் முன்னிலையிலேயே போட்டுக் காட்டி, விசிறிகளின் திறன் போதும், குறை கட்டுப்பாட்டில்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். விசிறியையும் சேர்த்து மாற்றச் சொல்லி விலையை ஏற்றியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை.

புதிய பேனலைத் தரைத்தளத்தில் தனி அறையில் வைத்தார்கள். மெயின் சுவிட்சுக்கு முன்பிருந்தே தனி இணைப்பு எடுத்தார்கள். தீ எச்சரிக்கைக் கருவியிலிருந்து சமிக்ஞை வந்துவிட்டால் ஓவர்லோடு ரிலே எச்சரிக்கை விளக்கை மட்டும் எரிய வைக்கும், விசிறியை நிறுத்தாது. ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு மட்டும் தொடரும். சமிக்ஞை வரும் கம்பி அறுந்தால் பேனல் உடனே பழுது காட்டுகிறது. விசிறி ஓடுவதாகக் காட்டும் பச்சை விளக்கையும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரோடு இணைக்காமல், காற்றின் அழுத்தத்தை உணரும் சுவிட்சோடு இணைத்திருக்கிறார்கள். பெல்ட் அறுந்து மோட்டார் மட்டும் சுழன்றால் பழைய பேனல் பச்சை காட்டியிருக்கும், இது காட்டாது. இந்த ஒரு வேலைக்காகவே அவர்களை மனமாரப் பாராட்டுவேன்.

புகை வெளியேற்றத்துக்கு இரண்டு மின்மூலங்கள் தேவை என்பதை ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12101-இன் 10ஆம் பகுதி வலியுறுத்துகிறது. எங்களிடம் ஜெனரேட்டர் முன்பே இருந்தது. ஆனால் சோதனையில் மின்வாரிய இணைப்பைத் துண்டித்தபோது இரண்டு விசிறிகளும் ஒரே நொடியில் கிளம்ப, ஜெனரேட்டர் திணறி நின்றுவிட்டது. மறுநாளே டைமர் பொருத்தி, இரண்டாவது விசிறி பத்து நொடி கழித்துக் கிளம்பும்படி செய்தார்கள். சோதனை செய்யாமல் ஒப்படைத்திருந்தால் இது தீ விபத்தன்றுதான் தெரிந்திருக்கும். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மாடிகளுக்கு ஏறியபோது, இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை மாய்த்தது அந்தப் புகைதான். அதை நினைத்தால் இந்தப் பத்து நொடி எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. 950 டிகிரியில் 3 மணி நேரம் தாங்கும் கேபிளை வாங்கிவிட்டு, அதைக் கூரையில் பிளாஸ்டிக் கிளிப்புகளால் கட்டியிருந்தார்கள். கிளிப் உருகினால் கேபிள் தொங்கி அறும். விலை உயர்ந்த கேபிளால் பயன் இராது. சுட்டிக்காட்டியதும் மறுக்கவில்லை என்றாலும், இரும்புக் கிளிப்புகள் மாட்ட இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். பேனலின் எழுத்துகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. இரவில் மண்டபத்தில் இருப்பவர் காவலாளி மட்டுமே. அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். வாசலில் தீயணைப்பு வீரர்களுக்காக வைத்த கைச்சுவிட்சுக்கும் பேனலுக்கும் தமிழில் பெயர்ப்பலகை கேட்டு மூன்று முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. பேனலின் மின்சுற்று வரைபடம் இன்னும் கைக்கு வரவில்லை. நாளை வேறொருவர் பழுது பார்க்க நேர்ந்தால் அது இல்லாமல் தடுமாறுவார் என்பதால், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் பாதித் தொகையை அதற்காகவே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

விலை, பெங்களூரிலிருந்து வந்த மதிப்பீட்டைவிடக் குறைவு. அழைத்தால் முகூர்த்த நாளிலும் ஆள் வருகிறார். கல்யாணம் நடக்காத செவ்வாய்க்கிழமை காலைகளில் காவலாளியே கைச்சுவிட்சைத் திருப்பி, இரண்டு பச்சை விளக்குகளும் எரிவதைப் பார்த்துவிட்டு நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திடுகிறார்.