சீனி போடாத வரக்காப்பியுடன் மூன்று ஆண்டுகள்

சென்னையில் இருக்கும் என் ஓரகத்தி சென்ற வாரம் தொலைபேசியில், "அக்கா, பதினாறு மணி நேரம் சாப்பிடாம இருக்கும்போது வரக்காப்பி குடிக்கலாமா?" என்று கேட்டாள். குடிக்கலாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் மூன்று ஆண்டுகளில் மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ, நேரம் குறித்த உண்ணாநோன்பு, பாலும் முட்டையும் இல்லாத முழுத் தாவர உணவு என்று நானும், இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த கொழுப்புக் குறைந்த உணவு என்று என் கணவரும் மாறி மாறிக் கடைப்பிடித்த இந்த வீட்டில், எல்லா முறைகளிலும் தப்பிப் பிழைத்த ஒரே பொருள் அந்தக் காப்பிதான். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடிப் பக்கம். சில்வர் ஓக் நிழலில் அரபிகா வகைக் காப்பியும், மரத்தைப் பற்றி ஏறிய மிளகும், நடுநடுவே மலைவாழையும் உள்ள சிறிய தோட்டம். மார்கழியில் பறித்த பழத்தைத் தோல் நீக்கிக் களத்தில் காயவைத்து, வீட்டுச் செலவுக்கு எடுத்துவைத்ததை இரும்புச் சட்டியில் வறுத்து அரைத்துக்கொள்கிறோம். சிக்கரி சேர்ப்பதில்லை. கடைத் தூளில் சட்டப்படி 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம்; பாலோடு சேரும்போது அது கெட்டியும் நிறமும் தரும், பாலில்லாமல் குடித்தால் கரிந்த வெல்லப் பாகை நீரில் கரைத்தது போல் இருக்கும். வரக்காப்பி பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காதது சிக்கரியே என்பது என் எண்ணம்.

நான் எதிர்பாராத இன்பம் ஒன்று உண்டு. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் குறையும். ஆயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் எங்கள் அடுப்பில் தண்ணீர் 96 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. காப்பித்தூளுக்கு ஏற்ற சூடும் அதுதான். சீனி போடாமல் குடிக்கத் தொடங்கிய முதல் வாரம் மருந்தாக இருந்தது. மூன்றாவது வாரத்தில், ஒரு விடியற்காலையில் பித்தளை ஃபில்டரின் மூடியைத் திறந்து முதல் வாய் குடித்தபோது, கசப்புக்குப் பின்னால் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல ஒரு புளிப்பு நாக்கின் ஓரத்தில் நின்றது. கல்யாணமாகி இருபது ஆண்டுகளாக இதே தோட்டத்துக் காப்பியைக் குடித்தும் அதை நான் அறிந்ததில்லை. அவ்வளவு நாளும் சீனியைத்தான் குடித்திருக்கிறேன்.

என் தீராத எரிச்சலும் அந்தச் சீனிதான். எங்கள் மலையில் வரக்காப்பி என்றால் பாலில்லாத காப்பி என்று மட்டும் பொருளல்ல. சீனியோ வெல்லமோ சேர்த்தே கொதித்த காப்பி என்று பொருள். கடைகளில் அது ஒரே பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருப்பதால், சீனி வேண்டாம் என்று சொல்வது சாம்பாரில் உப்பைப் பிரித்துக் கொடு என்று கேட்பதற்குச் சமம். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி என்று வைத்தாலும் பத்து கிராமுக்குக் குறையாது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையில் நாளொன்றுக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராம். நம்மூர்ப் பேலியோவிலும் கணக்கு அந்த அளவுதான். நான்கு டம்ளர் கடைக் காப்பியிலேயே நாற்பது கிராம் போய்விடும். பிறகு இட்லியை ஒதுக்கி நூறு பாதாமை எண்ணித் தின்பதில் என்ன பயன்? சீனியில்லாத காப்பியிலோ ஒரு டம்ளருக்கு ஐந்து கலோரிகூட வராது. வீட்டிலும் போராட்டம்தான். "துக்க வீட்டுக் காப்பிக்குக்கூட ஒரு கரண்டி சீனி உண்டு, நீ என்ன குத்தம் பண்ணுன?" என்பார் அத்தை. சஷ்டி விரதத்தில் ஆறு நாளும் வெல்லக் காப்பி குடித்தே இருப்பவருக்கு என் உண்ணாநோன்பு விளங்காததில் வியப்பில்லை.

என் பதினாறு மணி நேர நோன்பில் காப்பி பெரிய துணை. காலை பதினொரு மணிப் பசியை அது அடக்கிவிடும். ஆனால் மாலைப் பசிக்கும் அதையே நாடியதில் தூக்கம் கெட்டது. காப்பியில் தூக்கத்தை விரட்டும் காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் அளவுக்கு ஆகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் நலமான பெரியவர்களுக்குச் சொன்ன காஃபின் வரம்பு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200. காப்பியில் வெண்ணெய் கலந்து குடிக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை: அது காப்பியல்ல, சாப்பாடு.

உண்மையில் சூடு வைத்தது தாவர உணவுதான். பள்ளியில் மதியச் சோற்றை முடித்த கையோடு பிளாஸ்க்கைத் திறப்பது என் வழக்கம். எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 9.6க்கு இறங்கியது. "சாப்பிட்டதும் காப்பியா?" என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைக் காப்பியின் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உணவோடு குடித்த ஒரு கோப்பைக் காப்பி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 விழுக்காடும், தேநீர் 64 விழுக்காடும் குறைத்தன. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே இழப்பு. ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தால் இழப்பே இல்லை. இப்போது பிளாஸ்க்கைக் காலை இடைவேளையில் திறக்கிறேன். ஐந்து மாதத்தில் 11.8க்கு ஏறியது, அதில் பெரும்பங்கு மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரைக்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணவருக்கு வேறு சிக்கல். தூளை நீரில் போட்டுக் கொதிக்கவைத்துத் தெளியவிடும் அத்தையின் காப்பியில், கெட்ட கொழுப்பை ஏற்றும் காஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் அப்படியே தங்கிவிடும்; காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இப்போது அவருக்கு மட்டும் காகிதத்தில் வடிக்கிறோம். காகிதத்தைத் தூக்கி எறியும்போதெல்லாம் அத்தை பெருமூச்சு விடுகிறார்.

எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஓரகத்திக்குத் தாராளமாகச் சொல்லலாம் என்ற முடிவோடுதான் இன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பினேன். பேருந்து தாமதமாகவே, கடையில் வழக்கம்போல் சீனி இல்லாமல் ஒன்று என்று சொன்னேன். டம்ளரை நீட்டிய கடைக்காரர், "டீச்சருக்காகச் சீனி கம்மியாப் போட்டிருக்கேன்" என்று பெருமையாகச் சிரித்தார். பேருந்தில் ஏறி அமர்ந்ததும் ஓரகத்திக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: வேண்டாம், வெந்நீர் குடி.