பாக்கெட்டில் வைக்கிற பிஸ்டல் வாங்கி 688 டாலர் போச்சு: ராத்திரி கடை மூடும் பெண்கள் படித்துவிடுங்கள்

இன்று காலை அந்தக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "துப்பாக்கி விற்றால் விற்றதுதான், திரும்ப எடுப்பதில்லை." ஒரே வரி. கீழே பெயர்கூட இல்லை. 688 டாலர். படபடப்பு இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் இருக்கும் நம் பெண்கள் யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பாக்கெட்டுக்கு எந்தத் துப்பாக்கி, எதைப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

ஹூஸ்டனுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் எங்களுக்கு ஒரு கேஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கூடவே சின்னக் கடை. இவருக்கு முதுகு ஆபரேஷன் ஆனதிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு மூடுவது நான்தான். வசூல் பையோடு கார் வரைக்கும் தனியாக நடக்க வேண்டும். இரண்டு ராத்திரி ஒரே வண்டி, விளக்கை அணைத்துவிட்டு, பம்ப் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை.

இங்கே 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கத் தடை ஏதும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். இருந்தாலும் நான் முறையாக வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன். 3, 7, 15 கஜ தூரத்தில் நின்று மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும். சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிய பெரிய 9 எம்எம் பிஸ்டலில் சுட்டேன், சுலபமாகவே தேறினேன். ஆனால் அவ்வளவு பெரிய துப்பாக்கியை நான் எங்கே மறைப்பது? நான் பெல்ட் போடுவதில்லை. கடையில் நாள் பூராவும் குனிந்து நிமிர்ந்து பெட்டி தூக்குகிற வேலை. கைப்பையில் வைத்தால், பறிக்கிறவன் முதலில் பறிப்பது கைப்பையைத்தான். ஆக மிச்சம் இருப்பது பேன்ட் பாக்கெட். பெண்கள் பேன்ட்டில் பாக்கெட் எவ்வளவு ஆழம் என்று உங்களுக்கே தெரியும். அதற்காகவே ஆழமான பாக்கெட் வைத்த பேன்ட் இரண்டு வாங்கினேன்.

நான் போனது துப்பாக்கி மட்டும் விற்கிற ஒரு சின்னக் கடை. ரேஞ்ச் கிடையாது, வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்க்க வழியில்லை. கவுண்டரில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். உட்கார நாற்காலி போட்டார். முக்கால் மணி நேரம் பேசினார், ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. அவர் சொன்னதில் பாதி சரியான விஷயம்தான், அதனால்தான் நான் விழுந்தேன்.

கண்ணாடி மேல் மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவது ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர். ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற ஹாமர் வெளியே தெரியாமல் உள்ளே மூடியிருக்கும், பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. எடை 400 கிராம் சொச்சம். டிரிகரை இழுத்துப் பார்த்தேன், ஒரே இழுப்பில் நேராக இழுக்க என் விரலுக்கு வலு போதவில்லை. இரண்டாவது சிக் சாவர் கம்பெனியின் பி365 பிஸ்டல், 2018-இல் வந்தது, 9 எம்எம், சின்ன உடம்பில் பத்துத் தோட்டா பிடிக்கும். அரைக் கிலோ. பாக்கெட்டில் போட்டுப் பார்த்தால் பேன்ட் ஒரு பக்கமாக இறங்கியது, துப்பாக்கியின் வடிவம் அப்படியே தெரிந்தது. மூன்றாவது .380 ஏசிபி என்கிற சின்னத் தோட்டா போடுகிற ஒரு பிஸ்டல். முந்நூறு கிராம்கூட இல்லை. ஒரு தடித்த போனை வைத்தது மாதிரி பாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தயாரித்த கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, தப்பு கம்பெனியுடையது இல்லை.

எனக்கு ஒரு பயம் இருந்தது. 2008-இல் ரூகர் கம்பெனி தன் எல்சிபி பிஸ்டல்களை, குழலுக்குள் தோட்டா ஏற்றிய நிலையில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று, திரும்ப அழைத்துச் சரி செய்து கொடுத்தது எனக்குத் தெரியும். அதைக் கேட்டேன். "அது அந்தக் காலம், மேடம். அவர்களே சரி செய்துவிட்டார்கள். இது வேறு துப்பாக்கி" என்றார். அதுவும் உண்மைதான். அப்புறம் நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னேன்: "இதன் டிரிகரும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது."

அந்த இடத்தில்தான் எல்லாம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் மனைவிக்கும் இதே குறைதான்" என்றார். "எங்கள் ஆள் 75 டாலருக்கு டிரிகரை லேசாக்கித் தருவார். என் மனைவியின் துப்பாக்கிக்கும் அவர்தான் செய்தார். ஆறு வருஷமாக வைத்திருக்கிறாள், ஒரு நாள் ஏமாற்றியதில்லை." கம்பெனி வாரன்டி என்ன ஆகும் என்று கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, கேட்டேன். "ஒன்றும் ஆகாது, எல்லாரும் செய்துகொள்வதுதான்" என்றார். ஒரு மனுஷன் தன் மனைவியின் உயிருக்குக் காவலாக வைத்த பொருளைப் பற்றிப் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிஸ்டல் 429. டிரிகர் வேலை 75. பாக்கெட் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, 38. தோட்டா நிரப்புகிற கூடுதல் மேகசின் 36. தோட்டா இரண்டு பெட்டி 58. வரியோடு 688 டாலர் சொச்சம். கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல், கேஷாகக் கொடுத்தால் உங்களுக்கு 20 டாலர் மிச்சம் என்றார். கேஷாகக் கொடுத்தேன். துப்பாக்கி வாங்குகிறவர் கொடுக்க வேண்டிய அரசாங்க 4473 படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். அதில் 75 டாலருக்கு நேராக வெறும் "சர்வீஸ்" என்று எழுதியிருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துப்பாக்கி கைக்கு வந்தது. டிரிகர் வெண்ணெய் மாதிரி இருந்தது, சந்தோஷப்பட்டேன். அந்த வாரம் கடைப் பையன் லீவு, ரேஞ்சுக்குப் போக நேரமே கிடைக்கவில்லை. ஒன்பது நாள் அதைத் தோட்டாவோடு பாக்கெட்டில் வைத்துக்கொண்டே நடந்தேன்.

பத்தாவது நாள் ரேஞ்ச். அங்கேயே வாங்கிய சாதாரணத் தோட்டா 50. அதில் 9 வெடிக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் அடி விழுகிற இடத்தில், நகம் பட்ட மாதிரி மேலோட்டமாக ஒரு பள்ளம். அந்த வண்டி நின்ற ராத்திரி இந்த டிக் சத்தம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதே வயிறு கலங்குகிறது.

கடைக்குப் போன் செய்தேன். "மட்டத் தோட்டாவாக இருக்கும். நல்ல கம்பெனித் தோட்டா போடுங்கள்." சரி என்று அவர்களே விற்ற 29 டாலர் பெட்டியைப் போட்டுச் சுட்டேன். இருபதில் மூன்று வெடிக்கவில்லை.

மறுபடி போன் செய்தேன். "புதுத் துப்பாக்கி, மேடம். இருநூறு தோட்டா சுட்டால்தான் பழகும்." அதற்கும் நான்தானே காசு கொடுக்க வேண்டும்?

நேரில் போனேன். நாற்காலி போட்டவர் இந்தத் தடவை எழுந்திருக்கவே இல்லை. "பெண்கள் மணிக்கட்டைத் தளர்வாகப் பிடிப்பார்கள், அதுதான் காரணம்" என்றார். அந்த ஒரு பேச்சை நினைத்தால்தான் இன்னும் ரத்தம் கொதிக்கிறது. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு, அதாவது சுடும்போது நகர்கிற மேல்பாகம், முழுசாகப் பின்னால் போகாது, அடுத்த தோட்டா சிக்கும். பிரைமரில் அடி மேலோட்டமாக விழுவதற்கும் என் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? இது எனக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள், முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவருக்கா தெரியாது? டிரிகர் வேலை செய்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றேன். வியாழக்கிழமை வருவார் என்றார். வியாழன் போனேன், வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அப்புறம் என் நம்பரைப் பார்த்தால் போனே எடுப்பதில்லை.

வேறு வழியில்லாமல் 60 டாலர் கொடுத்து இன்னொரு ஊரில் இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கம்பெனி ஹாமர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வலுக் குறைந்த ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். டிரிகர் லேசானதற்கு ஒரு காரணம் அது. ஹாமர் அடிக்கிற வேகம் குறைந்து தோட்டா வெடிக்காததற்கும் காரணம் அதேதான். அதோடு விடவில்லை. ஹாமரைப் பிடித்து நிறுத்துகிற சியர் விளிம்பையும் அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். காலித் துப்பாக்கியை, காலிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். மூன்றாவது தட்டில் ஹாமர் தானாக விழுந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த மாதிரிச் சின்ன பிஸ்டல் பலவற்றில் தனியாக சேஃப்டி பட்டன் கிடையாது. நீளமாக, கனமாக இழுக்க வேண்டியிருக்கிறதே, அந்த டிரிகர்தான் பூட்டு. பாக்கெட்டில் வைக்கிற துப்பாக்கியில் அதை லேசாக்குவது, கதவில் இருக்கிற தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இனி சுலபமாகத் திறக்கும் என்று சொல்வது மாதிரி.

வேண்டிய நேரத்தில் சுடாது, வேண்டாத நேரத்தில் சுட்டாலும் சுடும். அப்படி ஒரு பொருளை ஒன்பது நாள் நான் உடம்போடு வைத்திருந்தேன். என் சின்ன மகளுக்கு ஆறு வயது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். அவள் கன்னம் படுகிற இடம் அந்தப் பாக்கெட்தான்.

கம்பெனிக்குப் போன் செய்தேன், மரியாதையாகத்தான் பேசினார்கள். வெளியாள் கை வைத்த துப்பாக்கிக்கு வாரன்டி கிடையாது, அனுப்பினால் பாகத்துக்கும் வேலைக்கும் பணம் வாங்கிக்கொண்டு பழையபடி ஆக்கித் தருவோம் என்றார்கள். மெக்கானிக் எழுதித் தந்ததையும் படங்களையும் சேர்த்துக் கடைக்கு மெயில் அனுப்பினேன். வந்த பதில்: "நாங்கள் சுத்தம் செய்து எண்ணெய் மட்டும்தான் போட்டோம். ரசீதைப் பாருங்கள்." பார்த்தேன். "சர்வீஸ், 75 டாலர்." டிரிகர் என்ற வார்த்தையே அதில் இல்லை. யார் தேய்த்தார்கள் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். இன்னொரு தடவை எழுதினேன், அதற்குத்தான் இன்று காலை அந்த ஒரு வரி வந்தது.

இங்கே வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் உதவுகிறார். டெக்சாஸில் ஏமாற்று வியாபாரத்துக்கு எதிராக நுகர்வோர் சட்டம் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 20,000 டாலர் வரைக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. நோட்டீஸை நாளைக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது. கார்டில் கட்டியிருந்தால் பேங்க்கிடமாவது முறையிட்டிருக்கலாம் என்றார் அக்கா. 20 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 688 டாலருக்கு வழி அடைத்துக்கொண்டேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது உட்கார்ந்து எழுத நேரம் இல்லை, மூடுகிற ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள், வாடகைக்குத் தருகிற ரேஞ்ச் உள்ள கடைக்குப் போங்கள். சின்னதாகவும் லேசாகவும் இருந்தால் பெண்களுக்குச் சுலபம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். லேசான துப்பாக்கிதான் கையில் அதிகம் உதைக்கிறது, குழல் குட்டையானதால் குறி பார்ப்பதும் கஷ்டம். பாக்கெட்டுக்கு என்றால் டிரிகரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். டிரிகரை மூடுகிற ஹோல்ஸ்டர் இல்லாமல் பாக்கெட்டில் போடாதீர்கள், அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் வேண்டாம். செய்கிற வேலையை ரசீதில் முழுசாக எழுதச் சொல்லுங்கள். கார்டில் கட்டுங்கள்.

யாருக்காவது இதே மாதிரி, ரேஞ்ச் இல்லாத சின்னக் கடையில், "என் மனைவிக்கும்" என்று ஆரம்பித்து டிரிகர் வேலை விற்றிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், உங்கள் ரசீதிலும் "சர்வீஸ்" என்றுதான் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு ரசீது கிடைத்தால் கோர்ட்டில் என் பேச்சு எடுபடும் என்கிறார் அக்கா. இன்றைக்கு ராத்திரி கடை மூட இவரும் கூட வருகிறார், முதுகுக்கான பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பார்.