விலங்கு, சுழல், வதந்தி: மூன்று எஸ்.ஐ., மூன்று வழக்கு. எதை முதலில் பார்ப்பது?

தமிழில் நல்ல வெப் சீரிஸ் எது என்று யார் கேட்டாலும் இந்த மூன்று பெயர்கள் வந்துவிடும். மூன்றும் 2022இல் வந்தவை. பிப்ரவரி 18 அன்று ஜீ5இல் ‘விலங்கு’, ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் ‘சுழல்’, டிசம்பர் 2 அன்று அதே பிரைமில் ‘வதந்தி’. மூன்றும் சென்னைக்கு வெளியே நடக்கின்றன. மூன்றிலும் வழக்கைத் தோளில் சுமப்பவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

மூன்றையும் பார்க்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. ஒன்றைப் பார்த்துப் பிடிக்காமல் போனால், ‘தமிழ் சீரிஸ் எல்லாம் இப்படித்தான்’ என்று ஒதுக்கிவிட்டு இந்திக்கும் கொரியாவுக்கும் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எதில் தொடங்குவது என்பது முக்கியம். என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலங்கு, சுழல், வதந்தி. பெரிய பட்ஜெட், பெரிய பெயர்கள், உலகம் முழுக்க விளம்பரம் எல்லாம் ‘சுழல்’ பக்கம்தான். ஆனாலும் நான் ‘விலங்கு’வை முன்னே வைக்கிறேன்.

ஏன் எல்லோரும் எஸ்.ஐ.யையே பிடித்தார்கள்? நிஜத்தில் கொலை வழக்கு என்றால் பெரும்பாலும் இன்ஸ்பெக்டர்தான் விசாரணை அதிகாரி. கதைக்கு எஸ்.ஐ.தான் வசதி. மேலே இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. என்று பதில் சொல்ல வேண்டியவர்கள். கீழே வேலை வாங்க வேண்டிய ஏட்டு, கான்ஸ்டபிள். இரண்டு பக்கமும் இடிபடுகிற ஆள். இந்த இடிபாட்டை மூன்று தொடர்களில் எது எவ்வளவு பயன்படுத்தியது என்று பார்த்தாலே பாதி அலசல் முடிந்துவிடும்.

பிரசாந்த் பாண்டியராஜின் ‘விலங்கு’ முழுக்க முழுக்க அந்த இடிபாட்டின் கதை. திருச்சிப் பக்கம் வேம்பூர் காவல் நிலையம். எஸ்.ஐ. பரிதியாக விமல். மனைவிக்குப் பிரசவ நேரம், வீட்டுக்குப் போக முடியவில்லை. காட்டில் ஒரு பிணம் கிடக்கிறது. ராத்திரி காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் பிணத்துக்குத் தலையைக் காணோம். யாருடைய பிணம் என்பது அதற்குப் பிறகுதான் பிரச்சினை. காவல் போட்ட இடத்திலிருந்து தலை போயிருக்கிறது என்று மேலதிகாரிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அந்த நிமிடத்தின் பிரச்சினை. அந்த ஸ்டேஷனில் இருக்கிற ஒவ்வொருவர் முகத்திலும் கொலையைப் பற்றிய அதிர்ச்சியை விட, தன் தலைமேல் விழப்போகும் மெமோவைப் பற்றிய பயம் தெரிகிறது. இதை நான் வேறு எந்தத் தமிழ்ப் போலீஸ் கதையிலும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஸ்டேஷனில் இருக்கிறவர்கள் பேசுவது ஸ்டேஷன் பேச்சு. கெட்ட வார்த்தை தாராளமாக வரும்; அழுகிய பிணத்தைச் சுற்றி நின்று பேசும்போது முகத்தைச் சுளிக்க வைக்கும் இடங்களும் உண்டு. ஆனால் எதுவும் பார்ப்பவரை உசுப்பேற்றுவதற்காகச் சேர்த்ததாகத் தெரியவில்லை. பால சரவணனைச் சிரிக்க வைக்கிறவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். இதில் கருப்பு என்ற போலீஸ்காரராக வருகிறார். சிரிப்பும் இருக்கிறது, ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே அடிமட்டத்தில் வேலை பார்க்கிறவனின் அவமானம் இருக்கிறது. முனீஷ்காந்தும் அப்படித்தான். விமலுக்கு இது பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த சரியான வேடம். அவருடைய இயல்பான சோர்வான உடல்மொழி, தூக்கமில்லாத ஒரு எஸ்.ஐ.க்கு அப்படியே பொருந்திவிட்டது.

கிச்சா என்று ஒரு பாத்திரம் வருகிறது. பெரும்பாலோருக்குப் புதுமுகம்தான். அவனைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொன்னாலும் பார்க்கப்போகிறவருக்கு அநியாயம். கடைசி எபிசோடுகளில் உங்களை உலுக்கப்போவது அந்த முகம்தான் என்பதை மட்டும் சொல்லலாம்.

மொத்தம் ஏழே எபிசோட். இழுவை என்று சொல்ல ஓர் இடம் இருந்தால், பரிதியின் வீட்டுக் காட்சிகளில் சிலவற்றைச் சொல்லலாம். அதுகூட வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவர் கிழிபடுவதைக் காட்டத் தேவைப்பட்டதுதான்.

‘சுழல்’ இதற்கு நேர் எதிர். புஷ்கர்-காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் ஆளுக்கு நான்கு எபிசோட் இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை ஊர். ஒரு சிமென்ட் ஆலை, அதில் ஒரு தொழிற்சங்கம், ஊருக்கு ஒரு அங்காளம்மன் கோயில். ஒரே ராத்திரியில் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். ஆலைக்குத் தீ வைத்தது சண்முகம்தான் என்று சந்தேகிக்கிற இன்ஸ்பெக்டர் ரெஜினாவே அவர் மகளையும் தேட வேண்டியிருக்கிறது.

இதில் எஸ்.ஐ. சக்கரை என்கிற சக்கரவர்த்தி. கதிர் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் இது எஸ்.ஐ.யின் கதை இல்லை. ஸ்ரேயா ரெட்டியின் ரெஜினா, ஐஸ்வர்யா ராஜேஷ் செய்திருக்கிற நிலாவின் அக்கா நந்தினி, காணாமல் போன நிலா ஆகிய மூன்று பேரின் கதை. காக்கி உடுப்பில் ரெஜினா நிற்கிற நிலையிலேயே அந்த ஊரில் அவருக்கு என்ன செல்வாக்கு என்று புரிந்துவிடும். அதே ஆள் ஒரு தாயாக உடைகிற இடத்தில் ஸ்ரேயா ரெட்டி துளியும் மிகையாக நடிக்கவில்லை. சண்முகமாக வரும் பார்த்திபன், தன் வழக்கமான வார்த்தை விளையாட்டை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார். மூன்று தொடர்களில் நடிப்பு என்று மட்டும் பார்த்தால் ‘சுழல்’தான் முதலிடம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

இன்னொரு பலம் மயானக் கொள்ளை. மாசி மாதம் மகாசிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையில், அங்காளம்மன் கோயில்களில், குறிப்பாக மேல்மலையனூரில் நடக்கிற விழா. அம்மன் வேடமிட்டு மயானத்துக்குப் போகிற கூட்டம், முகத்துச் சாயம், பம்பை உடுக்கைச் சத்தம். ஊரில் திருவிழா நாளுக்கு நாள் ஏற ஏற விசாரணையும் ஏறுகிறது. திருவிழாவைப் பின்னணிக்கு மட்டும் வைத்துவிட்டுப் போகாமல், அம்மன் கதைக்கும் அந்தப் பெண்களின் கதைக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பல மொழிகளில் டப்பிங்கோடு உலகம் முழுக்கப் போன தொடரில் ஒரு வட தமிழ்நாட்டுத் திருவிழா இவ்வளவு இடம் பிடித்தது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

பிறகு ஏன் இரண்டாம் இடம்? ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் ஒரு திருப்பம் வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம். நான்காவது எபிசோட் வரைக்கும் இது வேலை செய்கிறது. அதற்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் மேல் சந்தேகத்தைத் திருப்பும்போது, அடுத்தது யார் என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். கடைசியில் வெளிப்படுகிற உண்மை கனமானது, சமூகம் பேசியே ஆக வேண்டியது. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு வழி காட்டும் தடயங்கள், ‘விலங்கு’வில் இருப்பதுபோல மனிதர்களின் சுபாவத்திலிருந்து கிளம்பவில்லை, எழுத்தாளர் மேசையிலிருந்து வந்து விழுகின்றன. குற்றவாளியைத் தெரிந்துகொண்ட பிறகு மறுபடி முதலிலிருந்து பார்த்தால் ‘விலங்கு’ இன்னும் நன்றாக இருக்கிறது. ‘சுழல்’ அப்படி இல்லை.

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் சீசன், கடலோர ஊர், அஷ்டகாளி திருவிழா என்று அதே வார்ப்பில் போகிறது. முதல் சீசன் பிடித்தவர்கள் தொடரலாம். மற்றவர்களுக்கு முதல் சீசன் தனியாகவே போதும். வழக்கு அதிலேயே முடிகிறது.

‘வதந்தி’யின் மையக் கரு மூன்றிலும் சிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு படப்பிடிப்பு இடத்தில் இளம்பெண் ஒருத்தியின் உடல் கிடைக்கிறது. பிரபல நடிகை இறந்துவிட்டார் என்று செய்தி பரவி, கடைசியில் அது அவர் இல்லை, வெலோனி என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண் என்று தெரிகிறது. அதன் பிறகு ஊர் வாய் திறக்கிறது. வெலோனியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை. அம்மா சொல்கிற வெலோனி ஒருத்தி, நாசர் செய்திருக்கிற எழுத்தாளர் சொல்கிற வெலோனி இன்னொருத்தி, பத்திரிகையில் வருகிறவள் மூன்றாமவள். உயிரோடு இல்லாத பெண்ணால் எதையும் மறுக்க முடியாது. இயக்குநர் ஆண்ட்ரூ லூயிஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

எஸ்.ஐ. விவேக்காக எஸ்.ஜே. சூர்யா. உரக்கப் பேசியே பழக்கப்பட்ட நடிகர் இதில் அடக்கி வாசிக்கிறார், அந்த அடக்கத்தில் பிசகே இல்லை. வழக்கு அவரைப் பிடித்துக்கொண்டு விடாமல், வீட்டில் மனைவிக்கும் அவருக்கும் நடுவில் வெலோனி வந்து உட்கார்ந்துவிடுவது, போலீஸ் கதைகளில் அபூர்வமாகக் கிடைக்கிற நுட்பம். சக போலீஸ்காரர் ராமராக வரும் விவேக் பிரசன்னா அந்த எஸ்.ஐ.க்குத் தேவையான துணை. லைலாவை இவ்வளவு காலம் கழித்து, இப்படி ஒரு தாயாகப் பார்த்ததும் நிறைவு.

குறை நீளம்தான். எட்டு எபிசோடில் சொன்னதை ஐந்தில் சொல்லியிருக்கலாம். ஒரே விதமான விசாரணை, ஒரே விதமான பிளாஷ்பேக், மறுபடி விசாரணை. நடுவில் இரண்டு எபிசோடுகளில் வழக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. விவேக்குக்கு வருகிற சலிப்பு நமக்கும் வந்துவிடுகிறது. பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்கு முடிவில் பலன் உண்டு, ஆனால் வெப் சீரிஸுக்கே புதியவரிடம் இதை முதலில் கொடுத்தால் மூன்றாவது எபிசோடில் நிறுத்திவிடுவார்.

சந்தா விஷயத்தையும் பார்க்க வேண்டும். பிரைம் மட்டும் வைத்திருப்பவர்கள் ‘சுழல்’ முதல் சீசனில் தொடங்கி, ஓர் இடைவெளி விட்டு ‘வதந்தி’க்குப் போகலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டாம். இரண்டுமே ஓர் இளம்பெண்ணுக்கு என்ன ஆனது என்ற கேள்வியைச் சுற்றுவதால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். ‘விலங்கு’வுக்காகவே ஜீ5 எடுத்தாலும் நஷ்டமில்லை. ஏனென்றால் அங்கே ‘அயலி’யும் இருக்கிறது.

பள்ளி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன். ‘அயலி’யைச் சொல்வேன். 2023 ஜனவரி 26இல் வந்தது, இயக்கம் முத்துக்குமார். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை கிராமம், காலம் 1990. வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று வழக்கம் இருக்கிற ஊரில், டாக்டராக வேண்டும் என்பதற்காகத் தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள் தமிழ்ச்செல்வி. எட்டும் சின்னச் சின்ன எபிசோடுகள். மகளும் மகனும் பக்கத்தில் இருக்கும்போதே போடுங்கள்.